நியாயசபையின் கட்டளையும் நீதிமன்றத்தின் கையும்

(ஓமந்தையில் கமக்காரரும் அலுவலரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இக்கூட்டத்துக்கு நாம் வந்திறங்கியபோது வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் எம்மை மறித்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பியவை, சங்கக்காரன் ஒருத்தனை வேலையாலை நிப்பாட்டின கதை பேசக் கொழும்பு கிடக்கு, ஹற்றன் கிடக்கு. ஓமந்தையிலை அதுக்கு என்ன அலுவல்?" என்றார். கேள்வி நியாயமானது. அதற்கு மறுமொழி சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும்.

இவ்வட்டாரத்தில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு கால் வயலிலும் மறு கால் சம்பளத்திலும் நிற்கின்றது. தகப்பன் கமக்காரன். மூத்தவன் பஸ் டிப்போவில். இளையவன் கூட்டுறவுச் சங்கக் கிளையில். மகள் வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில். மருமகன் அரிசி ஆலையில். மழை பிழைத்த ஆண்டில் அடுப்பெரிவது அச்சம்பளத்தினால். சம்பளம் நின்ற வீட்டில் அடுத்த காலபோகத்துக்கென்று கட்டிவைத்த விதைநெல்லிற் கை வைக்க நேர்கின்றது. இன்னும் ஒன்று. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டை விட்டு வவுனியா மாவட்டத்துக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய மக்களும் நம்மிடையே வாழ்கின்றனர். தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டால் வேலையோடு லயத்து அறையும் போய்விடும் என்பதனை அவர்களுக்கு நாம் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆகவே, வேலைநீக்கம் என்பது இவ்வூருக்குப் புறம்பான சங்கதியன்று.

ஒரு கண்டக்டரின் கதை

வாதத்துக்காக ஓர் ஆளைப் படைத்துக்கொள்வோம். பஸ் கண்டக்டர், பதினாறு ஆண்டுச் சேவை, சங்கக் கிளையின் செயலாளர். மேலதிக நேரப் படி கேட்டு டிப்போ வாசலில் மறியல் ஒன்றை நடத்துகின்றார். ஒரு மாதம் கழியவில்லை. வவுனியாவுக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் செக்கர் பஸ்ஸில் ஏறுகின்றார். கொடுத்த ரிக்கற்றுக்கும் பையிலுள்ள காசுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. அறுபது ரூபா குறைகின்றது. விளக்கம் கேட்டுக் கடிதம் வருகின்றது, உள்விசாரணை நடக்கின்றது, வேலை போகின்றது.

அவருக்காகச் சங்கம் தொழில் நியாயசபைக்குச் செல்கின்றது. நியாயசபைத் தலைவர் இரு பக்கத்தாரையும் கேட்டு, நேர்மையீனம் ஒப்பிக்கப்படவில்லை, கவனக்குறைவே தெரிகின்றது, ஆகையால் அவரை மீள வேலைக்கு எடுக்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றார். நிருவாகம் மேன்முறையீடு செய்கின்றது. மேல் நீதிமன்ற நீதிபதி வழக்கேட்டைப் படிக்கின்றார். "அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் செக்கரின் சொல்லையே நம்பியிருப்போம்" என்று அவர் மனத்திற் படுகின்றது. அந்த ஒரு காரணத்துக்காக அவர் நியாயசபையின் கட்டளையைத் தள்ளிவிடலாமா?

இக்கேள்விக்கு விடைகாண இந்நாட்டின் நீதிமன்றங்கள் நெடுங்காலம் முயன்றிருக்கின்றன. அந்த வரலாறு சட்டத்தரணிகளின் அலுமாரியிற் பூட்டிக் கிடக்கின்றது. அதனை அங்கிருந்து எடுத்து உங்கள் முன் வைக்கவே நாம் வந்தோம்.

1957 இல் திறந்த கதவு

முன்னைய காலத்தில் எசமானன் வேலைக்காரனைப் போகச் சொன்னால் வேலைக்காரன் போகவேண்டியதுதான். நாம் ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற உரோமன் - டச்சுச் சட்டம் அவனுக்குக் கொடுத்தது முன்னறிவித்தற் காலத்துச் சம்பளம். மிஞ்சினால் ஏதோ நட்டஈடு. "அவனைத் திரும்ப வேலையில் வை" என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. விருப்பமில்லாத எசமானனிடம் வேலைக்காரனைச் சட்டம் கட்டிவைக்காது என்பது அன்றைய கொள்கை.

1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் சமரசம், நடுத்தீர்ப்பு, கைத்தொழில் நீதிமன்றம் என்னும் வழிகளை அமைத்தது. ஆனால், வேலை போன தனியொரு தொழிலாளி தானே சென்று தட்டுவதற்கு அதில் ஒரு கதவு இருக்கவில்லை. அக்கதவை 1957 ஆம் ஆண்டின் 62 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் திறந்தது. தொழில் நியாயசபைகள் பிறந்தன. தொழிலாளி தானாகவோ, அவன் சார்பில் அவனுடைய சங்கமோ விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. வேலை ஒப்பந்தத்தில் எதிராக என்ன எழுதியிருந்தாலும் நியாயசபை நிவாரணம் வழங்கலாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை. "நீதியும் ஒப்புரவும்" எனத் தோன்றுகின்ற கட்டளையை இடுவதே அதன் கடமை. ஏழைத் தொழிலாளிக்கு இதனிலும் பெரிய வரம் அந்நாளில் வேறொரு சட்டத்திலும் கிடைக்கவில்லை என்றே நாம் சொல்வோம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நியாயசபைக் கட்டளைக்கு எதிராகச் சட்டப் பிரச்சினையொன்றின்மீது மேன்முறையீடு உண்டு. அமைச்சர் ஒரு பிணக்கை நடுத்தீர்ப்பாளரிடம் அனுப்பி, அவர் தீர்ப்பளித்தாலோ, அதற்கு மேன்முறையீடு இல்லை. நீதிமன்றத்திடம் உறுதிகேள் எழுத்தாணை கோரி, அத்தீர்ப்பை அழிக்கும்படி கேட்கலாம், அவ்வளவே. வழி இரண்டாயினும் இரண்டிலும் எழுவது ஒரே கேள்வி: நேரிற் கேட்டுத் தீர்த்தவனின் முடிவில், ஏட்டை மட்டும் பார்ப்பவன் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

நீதிபதியா, நடுவனா?

1960களின் நடுவில் இந்நியாயசபைகளின் அத்திவாரமே ஆட்டங்கண்டது. சோல்பரி அரசியலமைப்பின்படி நீதி அலுவலரை நியமிக்கும் அதிகாரம் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. நியாயசபைத் தலைவர்களையோ பொதுச்சேவை ஆணைக்குழு நியமித்து வந்தது. 1964 இல் இலஞ்ச நியாயசபை விடயத்தில் இதே குறையைக் கண்டு, அச்சபையின் தீர்ப்புச் செல்லாது என்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்திருந்தது. அதன் பின் வாக்கர் சன்ஸ் என்னும் பொறியியற் கொம்பனி, தொழில் நியாயசபைத் தலைவரும் நீதி அதிகாரத்தையே செலுத்துகின்றார், ஆகவே அவருடைய நியமனமும் பிழை என்று வாதாடியது. நமது உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாக அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டது. வேலையிழந்து விண்ணப்பம் போட்டிருந்த தொழிலாளர் எல்லோரும் அந்தரத்தில் நின்றனர். முதலாளிமாருக்கு அதனிலும் வாய்ப்பான தடுப்பு வேறென்ன வேண்டும்? தொழிலாளி குற்றவாளியா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டா என்பதே வழக்காயிற்று.

தேவநாயகம் என்னும் நியாயசபைத் தலைவரைப் பிரதிவாதியாக்கி ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1967 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஐவரில் மூவர் சங்கத்தின் பக்கம். டில்ஹோர்ன் பிரபு அவர்களுக்காகத் தீர்ப்பெழுதினார். கெஸ்ற் பிரபுவும் டெவ்லின் பிரபுவும் மாறுபட்டனர். நீதிபதி என்பவன் முன்னரே உள்ள உரிமையை ஆராய்ந்து தீர்ப்பவன், நியாயசபைத் தலைவரோ ஒப்பந்தத்தையும் தாண்டி, எது நீதியும் ஒப்புரவும் எனத் தமக்குப் படுகின்றதோ அதனை வழங்குபவர், அவரது பணி நடுத்தீர்ப்பாளரின் பணியை ஒத்தது, ஆகவே அவர் நீதி அலுவலர் அல்லர், நியமனம் செல்லும். பெரும்பான்மையோரின் தருக்கம் இதுவே.

நியாயசபைகள் பிழைத்தன. ஒரே ஒரு வாக்கினாற் பிழைத்தன என்பதனை இன்றைய சங்கத் தலைவர்கள் பலர் அறியார்.

ஆனால் அந்தத் தீர்ப்பின் விளைவு விசித்திரமானது. நியாயசபை பிழைப்பதற்காக அது நீதிமன்றம் அன்று என்று சொல்லவேண்டியிருந்தது. மறு ஆண்டே, ஹீத் கொம்பனிக்கும் கரியவாசம் என்பவருக்கும் இடையிலான வழக்கில், நடுத்தீர்ப்பாளர் சாட்சியத்தை மதிப்பிடும்போது நீதிபதியைப் போலவே நடக்கவேண்டும், சாட்சியத்தின் பாரத்துக்கு முற்றும் மாறான முடிவுக்கு வந்தால் அவரது தீர்ப்பு எழுத்தாணையினால் அழிக்கப்படும் என்று நமது உயர் நீதிமன்றம் கூறிற்று. நீ நீதிபதி அல்லை. ஆயினும் நீதிபதியைப் போல் நட! கேட்பதற்கு முரணாகத் தோன்றினும் இதில் ஒரு பெரிய நியாயம் உண்டு என்றே நாம் கருதுகின்றோம். ஊர்ப் பஞ்சாயத்தில் அமரும் பெரியவருக்குச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை. சாட்சி சொல்லாததைச் சொன்னதாக வைத்துத் தீர்க்க அவருக்கும் உரிமை இல்லை.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தொழிற் பிணக்கைத் தீர்க்கும் சபையின் தலைமை அலுவலரையும் நீதி அலுவலர் என்றே வரையறுத்து, நியமனத்தை நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. இலண்டனில் தோற்ற இருவரின் கருத்துப் பதினோராண்டில் நமது அரசியலமைப்பிற் குடியேறியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

காட்டுக் குதிரை

அதே காலப்பகுதியில் கொழும்பு மாநகர சபை சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ நடுத்தீர்ப்பாளருக்கு எல்லை வகுத்தார். நீதியும் ஒப்புரவும் என்ற சொற்களினாற் பாராளுமன்றம் நடுத்தீர்ப்பாளனுக்குக் காட்டுக் குதிரையின் சுதந்திரத்தைக் கொடுத்துவிடவில்லை என்றார். இரு பக்கமும் தலையுள்ள நாணயத்தைச் சுண்டித் தீர்ப்பது நீதியாகாது என்றார். தீர்ப்பு இரு திறத்தாருக்கும் நீதியாய் இருக்கவேண்டுமேயன்றித் தொழிலாளிக்குச் சார்பாய் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்றும் கூறினார். இவ்வளவும் சரி. தொழிலாளரின் நண்பர்கள் சிலர் இத்தீர்ப்பைத் தொழிலாளர் விரோதம் என்று ஏசுவார்கள். நாம் அவர்களோடு சேரமாட்டோம். இன்று நமக்குச் சாதகமாகக் குதிரையை அவிழ்த்துவிட்டால் நாளை அது நம்முடைய வயலில் இறங்கும்.

ஆனால் அதே தீர்ப்பில் வேறொன்றும் உண்டு. தொழிலாளி தன் சொந்தச் சூழ்நிலையாற் கட்டப்படுகின்றான் என்பதற்காக, அதற்குப் பொறுப்பில்லாத மறு திறத்தார் சலுகை காட்ட வேண்டியதில்லை என்பது. இங்கேதான் நமக்கு மனக்குறை. இரக்கத்தை மாத்திரம் காரணமாக்கித் தீர்ப்பெழுதக் கூடாது என்பது உண்மை. எனினும் வேலைநீக்கம் பிழை என்று கண்டபின், அப்பிழை யாரை எவ்வளவு தாக்கியது என்று பாராமல் நட்டத்தை எப்படி அளப்பது? இருபத்தைந்து வயது இளைஞனுக்கும், ஐம்பது வயதில் நான்கு பிள்ளைகளோடு தெருவில் நிற்பவனுக்கும் ஒரே முழக்கோலா?

இக்குறையை 1975 இல் நீதியரசர் வைத்தியலிங்கம் தீர்த்துவைத்தார். இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் விஜேரத்ன என்பவருக்கும் இடையிலான வழக்கு அது. பிழையாக வேலைநீக்கப்பட்டவனுக்கு நட்டஈடு கணிக்கும்போது அவன் வயது, சேவைக்காலம், சம்பளம், இனி உயரக்கூடிய வாய்ப்பு, வேறு வேலை கிடைக்கும் சாத்தியம், முன்னைய நடத்தை, நீக்கிய விதம், அவன்மேற் சாட்டிய குற்றத்தின் தன்மை, ஓய்வூதிய இழப்பு ஆகியவற்றை நோக்கவேண்டும். முதலாளியின் கொடுக்கும் வல்லமையையும், இடைக்காலத்தில் அவன் வேறிடத்தில் உழைத்ததையும் நோக்கவேண்டும் என்று வரிசைப்படுத்தினார். இரக்கமாக முன்வாசலில் வந்து திருப்பி அனுப்பப்பட்ட துன்பம், நட்டத்தின் அளவாகக் கணக்குப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அவரது அந்த வரிசை பிற்காலத்து வழக்குகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டிருக்கின்றது.

குளக்கட்டில் நின்றவரும் கந்தோரில் இருந்தவரும்

கண்டக்டரின் வழக்குக்கு வருவோம். 1977 இல், கலிடோனியன் தோட்டக் கொம்பனிக்கும் ஹில்மன் என்பவருக்கும் இடையிலான வழக்கில், பின்னாளிற் பிரதம நீதியரசராய் அமர்ந்த சர்வானந்தா அவர்கள் நேரான விடை தந்தார். சாட்சியத்தை மதிப்பிட்டு உண்மையைக் காண்பது நியாயசபையின் வேலை. மேன்முறையீடு சட்டப் பிரச்சினைக்கு மட்டுமே. நியாயசபை கண்ட உண்மையைப் புரட்டவேண்டுமானால், அதற்கு ஆதாரமாகச் சட்டத்துக்கேற்ற சாட்சியம் எதுவுமே இல்லை என்றோ, ஏட்டிலுள்ள சாட்சியத்தை வைத்துப் புத்தியுள்ள எவரும் அம்முடிவுக்கு வரமாட்டார் என்றோ மேன்முறையீட்டாளர் காட்டவேண்டும்.

கமக்காரருக்கு இதனை விளக்க நாம் புத்தகம் தேடவேண்டியதில்லை. சிறுபோகத்தில் குளத்து நீர் குறைந்திருக்கின்றது. மேல்மடைக்காரன் இரவில் வாய்க்காலை மறித்தான் என்று கீழ்மடைக்காரன் முறையிடுகின்றான். கமக்காரர் அமைப்பின் பெரியவர் குளக்கட்டில் நடக்கின்றார், துருசைப் பார்க்கின்றார், வரம்பில் வெட்டிய தடத்தைப் பார்க்கின்றார், இருவர் முகத்தையும் பார்க்கின்றார், முடிவு சொல்கின்றார். தோற்றவன் கந்தோருக்கு மனு எழுதுகின்றான். கந்தோரில் இருப்பவர் நல்லவர், படித்தவர். ஆனால் அவர் முன் இருப்பது கடதாசி. வரம்பின் ஈரம் கடதாசியில் இல்லை. பெரியவர் வயலுக்கே போகவில்லை என்று தெரிந்தால் அவர் முடிவைத் தள்ளட்டும். ஒரு பக்கத்தானை வாய் திறக்க விடாமற் தீர்த்தார் என்று தெரிந்தால் தள்ளட்டும். தண்ணீர் மேட்டுக்கு ஏறியது என்று எழுதியிருந்தால் அதனையும் தள்ளட்டும். அவை ஒன்றும் இல்லாமல், "நானாயின் மற்றவனை நம்பியிருப்பேன்" என்பதற்காகத் தள்ளினால் குளக்கட்டில் இனி யார் நடப்பார்?

ஆகவே, நமது கண்டக்டர் விடயத்தில் மேல் நீதிமன்றம் செக்கரைத் தான் நம்புகின்றது என்பதற்காகக் கட்டளையை மாற்ற முடியாது. மறு புறத்தையும் சொல்லவேண்டும். செக்கரின் சாட்சியத்தை ஏன் விட்டோம் என்று ஒரு வரியும் எழுதாமல், "நீண்ட காலம் சேவை செய்தவர், பாவம்" என்று மட்டும் எழுதி நியாயசபை அவரை மீள அமர்த்தியிருந்தால் கட்டளை நிற்காது. அப்போது நீதிமன்றத்தை ஏசிப் பயனில்லை.

நியாயசபைக்குள்ள அதிகாரத்தின் அளவை மற்ற நாடுகளோடு வைத்துப் பார்த்தாலும் நம் நிலை தாழ்ந்ததன்று. இந்தியாவில் இந்தியன் அயன் அன்ட் ஸ்ரீல் கொம்பனி வழக்கில் உச்சநீதிமன்றம், நிருவாகத்தின் வேலைநீக்கத்தில் நியாயமன்றம் தலையிடக்கூடிய சந்தர்ப்பங்களை நான்காகச் சுருக்கிற்று: நல்லெண்ணமின்மை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறலோ அடிப்படைப் பிழையோ, ஆதாரமற்ற முடிவு. தண்டனை கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் அதிகாரம் 1971 இல் சட்டத்தில் 11எ பிரிவைச் சேர்த்த பின்னரே அங்கே தொழிலாளிக்குக் கிடைத்தது. நமது நியாயசபை அந்த அதிகாரத்தோடுதான் 1957 இற் பிறந்தது. அமெரிக்காவில் வேறொரு பாதை. சக தொழிலாளி ஒருவன் நீக்கப்பட்டதை எதிர்த்து வேலையை விட்டு வெளியேறிய தொழிலாளர் சிலரையும் கொம்பனி நீக்கியது. நடுத்தீர்ப்பாளர் வேலைநீக்கத்தைப் பத்து நாள் இடைநிறுத்தமாகக் குறைத்து, மிகுதிச் சம்பளத்தோடு அவர்களை மீள எடுக்கச் சொன்னார். 1960 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், கூட்டு ஒப்பந்தத்திலிருந்து தீர்ப்பு உயிர் பெறுகின்ற வரையில் அதன் நன்மை தீமைகளை நீதிமன்றம் ஆராயாது என்று விட்டது. நீதியரசர் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு அது. தொழிற்சாலையின் வழக்கத்தை அறிந்தவன் நடுவன். நீதிபதி அல்லன் என்பது அக்கொள்கை.

எந்த மொழியில், எவ்வளவு காலம்?

இவ்வளவு நேரமும் சட்டத்தைப் புகழ்ந்தோம். குறைகளையும் சொல்லாவிடிற் பேச்சுப் பாதியாய்விடும்.

1961 இல் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்க வழிசெய்தது. தன் வேலை போன வழக்கைத் தன் மொழியிற் கேட்கும் உரிமைக்கே தமிழ்த் தொழிலாளி அஞ்சவேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1988 இல் வந்த அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நீதிமன்ற மொழியாக உறுதிப்படுத்திற்று. 1990 இல் நியாயசபை மேன்முறையீடுகள் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. வவுனியாத் தொழிலாளி வவுனியாவிலேயே, தமிழிலேயே மேன்முறையீட்டை எதிர்கொள்ளலாம் என்பது சிறிய நன்மையன்று. ஆனால் அதன் மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போவதாயினும், நடுத்தீர்ப்பை எதிர்த்து எழுத்தாணை கேட்பதாயினும் கொழும்புப் புதுக்கடைதான். தமிழில் எழுதிய ஏடு அங்கே மொழிபெயர்ப்பாகவே போய்ச் சேரும். ஏட்டை மட்டும் பார்க்கும் நீதிபதி, நம்மவன் சொன்னதன் நிழலின் நிழலையே காண்கின்றார்.

காலம் மற்றொரு குறை. விசாரணை தவணை தவணையாகச் செல்கின்றது, தலைவர் மாற்றலாகின்றார், மேன்முறையீடு நீள்கின்றது. மாதச் சம்பளம் இல்லாதவனுக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நகை அடகு. வல்லமையுள்ள தரப்புக்குச் சட்டப் பிரச்சினை தேவையில்லை. சட்டப் பிரச்சினை போலத் தோன்றுவது ஒன்று போதும். குறுகிய மேன்முறையீடு என்று சட்டம் சொன்னதை நீண்ட மேன்முறையீடாக வழக்கம் ஆக்கிவிட்டது. இதற்குப் பரிகாரம் பாராளுமன்றத்தில் இருக்கின்றது. மேன்முறையீட்டைத் தீர்க்க ஒரு கால எல்லையையும், அது முடியும்வரை தொழிலாளிக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியையும் சட்டமாக்கும்படி நமது பிரதிநிதிகளை நீங்கள் கேட்கவேண்டும். வாக்குக் கேட்டு வருகின்றவர்களிடம் வீதியும் குளமும் கேட்கின்றோம். அவற்றோடு இதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு துண்டுக் கடதாசி

ஓமந்தை என்றதும் இந்நாட்டில் எவருக்கும் நினைவு வருவது 2002 இல் இங்கே திறந்த சோதனைச் சாவடி. அடையாள அட்டை, அனுமதித் துண்டு, பதிவுப் புத்தகம் என்று வரிசையில் நின்ற மக்கள் நாம். ஒரு துண்டுக் கடதாசி இல்லாமையால் ஒரு குடும்பம் எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கவேண்டும் என்பதனை இவ்வூருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. வேலைநீக்க வழக்கும் அப்படியே. மேலே உள்ள நீதிமன்றம் ஏட்டை மட்டுமே பார்க்கும் என்றோமே. அந்த ஏட்டில் நாம் வைக்காத ஒன்றும் மேலே போகாது.

சங்கக்காரர் செய்யும் பெரும்பிழை இதிலேதான். "பழிவாங்கிவிட்டார்கள்" என்று நியாயசபையில் மேடைப்பேச்சுப் பேசுவார்கள். மறியல் நடந்த திகதி, நிருவாகத்துக்குக் கொடுத்த மகசரின் பிரதி, அதற்கு வந்த பதில், செக்கர் ஏறிய திகதி, இதே குறைக்கு வேறு கண்டக்டருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பது, ரிக்கற் புத்தகத்தின் தொடரிலக்கம் ஆகிய ஒன்றையும் ஆவணமாக வைக்கமாட்டார்கள். 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், சங்க உறுப்பினன் என்பதற்காகவோ சங்க வேலை செய்தான் என்பதற்காகவோ மட்டும் ஒருவனை நீக்குவதைத் தடை செய்திருக்கின்றது. அதிலுள்ள "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அறுபது ரூபாவைக் காட்டி, "அதனாற்றான் நீக்கினோம்" என்பார்கள். அந்த அறுபது ரூபா வெறும் சாட்டு என்பதனைக் காட்டத் திகதிகள் வேண்டும்.

வேறொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். பொலிஸ் வழக்கில் விடுதலையானவன் வேலையும் தானாகவே திரும்பக் கிடைக்கும் என்று எண்ணுகின்றான். 1975 இல் பற்றரிக் கொம்பனியொன்றின் வழக்கில், சாட்டிய குற்றம் குற்றவியல் தன்மையுடையதாயினும் நியாயசபையில் ஐயத்துக்கிடமின்றி ஒப்பிக்க வேண்டியதில்லை, எது கூடுதலாக நிகழ்ந்திருக்கக்கூடியது என்ற அளவுகோலே போதும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கிலும் எதிர் நின்றது 1967 இல் இலண்டன் வரை சென்று வென்ற அதே பொறியியல் தொழிலாளர் சங்கந்தான்.

வேலையால் நீக்கினோம் என்று முதலாளி ஒப்புக்கொண்டால் அதனை நியாயப்படுத்தும் பாரம் அவருடையது. அவரே முதலிற் சாட்சி வைக்கவேண்டும். அவர் கெட்டிக்காரராயின், "நாம் நீக்கவில்லை, அவனே வராமல் நின்றுவிட்டான்" என்பார். உடனே பாரம் தொழிலாளியின் தலையில் ஏறும். வேலைக்குப் போன அன்று படலையில் மறித்தார்கள் என்றால், அன்றைக்கே "வேலைக்கு வந்தேன், மறிக்கப்பட்டேன்" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு பதியுங்கள். அந்தத் தபாற் பற்றுச்சீட்டு, பின்னர் எந்தச் சட்டத்தரணியின் வாதத்தினும் பெறுமதியுடையது.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து நியமனக் கடிதத்தைத் தொலைத்தவர்கள் பலர் இங்கே இருப்பீர்கள். அதனால் வழக்கில்லை என்று எண்ணவேண்டாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கம் நியாயசபைக்கு இல்லை என்று சொன்னோம். ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம் எல்லாம் சான்றாகும். இன்று வேலையில் இருப்பவர்கள் சம்பளத் துண்டுகளை நெற்பெட்டிக்குள் என்றாலும் போட்டு வையுங்கள். கமக்காரத் தாய்மாருக்கு நாம் இதனைச் சொல்வதற்குக் காரணம், பிள்ளைகள் எறிகின்ற கடதாசிகளை எடுத்துவைப்பவர்கள் நீங்களே என்பது.

முடிவாக, எவ்வளவு உண்மையான வழக்கையும் கொன்றுவிடக்கூடிய ஓர் எண். வேலை முடிவுறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நியாயசபையில் விண்ணப்பம் பதியப்பட வேண்டும். "முதலாளியோடு பேசிப் பார்ப்போம்", "எம்.பி. ஐயாவிடம் சொல்லியிருக்கிறோம்", "அறுவடை முடியட்டும்" என்று நாட்களைக் கழித்தவர்களை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். பேசுங்கள், சொல்லுங்கள், ஆனால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

வாசலிற் கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில் இருக்கின்றார். இன்னொரு கேள்வி வைத்திருக்கின்றார் என்று முகத்திலே தெரிகின்றது. வவுனியாவுக்குக் கடைசி பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் உண்டு. அவரே தொடங்கட்டும்.